வாசல் தாண்டாத சத்தம்

ததேயுஸ் அதை ஊர்க் கமிட்டியின் முன்னால், பதினோரு ஆண்கள் கேட்க, உரத்த குரலில் சொன்னான்.

"ஒத்தைக்கு இருக்கிற பொம்பள. பொழுது சாஞ்சா கதவைச் சாத்திக்கிட்டுப் பாட்டைப் போடுதா. உள்ள ஆரு இருக்கா, ஆரு இல்லன்னு நமக்கு என்ன தெரியும்?"

சொன்னவன் கிளாராவின் கூடப்பிறந்த அண்ணன்.

2010ஆம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் இரண்டாம் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியிருந்தது. முட்டம் கலங்கரை விளக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற சின்னக் கடற்கரை ஊர் அது. சண்டை, சச்சரவு எதுவானாலும் போலீசுக்குப் போகுமுன் கமிட்டிக்கு வந்தாக வேண்டும். கிளாராவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அவளைப் பற்றி யாரும் அதுவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மண்டபத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புகார் பாட்டுச் சத்தத்தைப் பற்றியது. அப்பன் கட்டிய வீட்டை நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். வடக்குப் பாதியில் ததேயுஸும் அவன் மனைவி அன்னக்கிளியும், தெற்குப் பாதியில் கிளாராவும். குவைத்திலிருந்து கிளாரா ஆசையாகக் கொண்டுவந்த ஒரே பொருள் ஒரு ஸ்டீரியோ: கனத்த ஒரு ஆம்ப்ளிஃபயர், தேக்கு நிறத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை முடித்து, கஞ்சி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பாள். அவளுக்கு வேறு பழக்கம் எதுவும் கிடையாது.

புகாரின் வேர் வேறு இடத்தில் இருந்தது. ததேயுஸின் மகன் ஜெனோவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். தெற்குப் பாதியையும் சேர்த்து எடுத்து மாடி கட்டவேண்டும் என்பது ததேயுஸின் நினைப்பு. கிளாராவை மயிலாடியில் இருக்கிற சித்தி மகளோடு போய் இருக்கச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். மூன்று மாதம் கழித்து, சத்தத்தால் தூக்கம் போய்விட்டது என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தான்.

இதில் கூத்து என்னவென்றால் ததேயுஸ் மைக்செட் போடுகிறவன். முப்பது வருடமாகச் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிகள்தான் முழங்கின. ஆளுயரப் பெட்டிகளை முற்றத்தில் வைத்து அவன் சோதித்துப் பார்க்கும்போது கிளாராவின் அடுக்களையில் டம்ளர்கள் நடுங்கும். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கமிட்டித் தலைவர் மரியஜான் தொண்டையைச் செருமிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பாட்டுக் கேக்கப்பிடாதுன்னு சொல்லல்ல கிளாரா. சத்தம் ஒனக்க வாசலைத் தாண்டப்பிடாது. தாண்டினா பெட்டிய எடுத்து மண்டபத்துல பூட்டி வைப்போம்."

கிளாரா எழுந்து நின்றாள். "பெட்டியப் பத்தித் தீர்ப்புச் சொல்லியாச்சு. எனக்க கதவைப் பத்தி இவரு சொன்னதுக்கு?"

மரியஜான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். ததேயுஸ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "இதுக்கு நீ பதில் சொல்லுவ அண்ணே" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

சாயங்காலம் வால்யூம் குமிழைத் திருகி, வாசல் நடையில் போய் நின்று, கேட்கவில்லை என்று தெரியும்வரை குறைத்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பாட்டு செத்துக் கிடந்தது. பாடுகிறவரின் குரல் மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து யாரோ முனகுவதுபோல் வந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த அடி இல்லை, வயலினின் மினுக்கம் இல்லை. உப்பும் புளியும் இல்லாமல் வைத்த மீன்குழம்பு. மூன்று நாள் அப்படியே கேட்டுப் பார்த்தாள். மூன்று நாளும் தோற்றுப்போன மாதிரி இருந்தது. ததேயுஸ் அவளுடைய பாட்டை இப்படிச் சப்பென்று ஆக்கிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு நெஞ்சைச் சுட்டது.

நாலாம் நாள் அவளுக்கு ஒன்று உறைத்தது. குவைத்தில் கடைசி ஒன்பது வருடம் அவள் இருந்தது காது, மூக்கு, தொண்டைப் பிரிவில். சத்தம் புகாத கண்ணாடி அறையில் ஆட்களை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, "கேட்டதும் பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிப் பரிசோதனை செய்ய உதவியவள். சத்தம் குறையக் குறைய மனிதக் காது முதலில் கைவிடுவது அடித்தொனியை என்பது அவளுக்குப் பாடம். நடுக்குரல் மட்டும் கடைசிவரை நிற்கும். அப்படியானால் பழுது பெட்டியில் இல்லை. குறைந்த சத்தத்தில் காது கைவிடுவதை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கம் 'லவுட்னஸ்' என்று ஒரு சின்ன பட்டன். சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் என்று நினைத்து அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அமுக்கினாள். சத்தம் கூடவில்லை. குறைந்த சத்தத்திலேயே அடித்தொனி மட்டும் தரையிலிருந்து எழுந்ததுபோல வந்தது. மேலே ஜாலராவின் சிணுங்கலும் வந்தது. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, நாலு நாளுக்குப் பிறகு.

அதோடு விடவில்லை. நடு அறையில் நின்ற பெட்டிகளைத் தெற்குச் சுவரோரம் தள்ளினாள். அந்தச் சுவருக்கு அப்பால் ததேயுஸ் இல்லை, தென்னை மட்டும்தான். சுவரை நெருங்க நெருங்க அடித்தொனி கொழுத்தது. மூலைக்குள் திணித்தபோது குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு சாண் முன்னால் இழுத்தாள், சரியாயிற்று. தூரத்தில் கிடந்த நாற்காலியைப் பெட்டிகளுக்கு ஐந்தடி அருகில் போட்டு, இரண்டு பெட்டியும் தன் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கடல் இரைச்சல் உள்ளே வராமல் ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டாள். மின்விசிறியை அணைத்தாள். அறை அடங்கினால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் என்பது கண்ணாடி அறை கற்றுக்கொடுத்தது.

இத்தனை செய்தும் அடியில் ஏதோ ஒன்று குறைந்தது. குளச்சலில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஞானதாசனை வரச் சொன்னாள். அவன் பைக்கை நிறுத்தியதும் முன்கதவு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தாள். தெருவில் போகிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

ஞானதாசன் இரண்டு நிமிடம் கேட்டான். பெட்டியின் பின்னால் குனிந்தான்.

"அக்கா, ஒரு பெட்டிக்கு வயரு மாறிக் கெடக்கு. சிவப்பும் கறுப்பும் தலைகீழு. ஒரு பெட்டி முன்ன தள்ளும்போ மத்தது பின்ன இழுக்கும். அடிச்சத்தம் ஒண்ணையொண்ணு தின்னுரும்." வயரை மாற்றி முறுக்கினான். சத்தம் துளியும் கூடாமல் அறை நிறைந்தது. மிருதங்கம் கிளாராவின் மடியில் இருந்தது.

"இதை ஆரு மாட்டித் தந்தது?"

"அண்ணன்தான். மைக்செட்காரரு."

"தமாசு பண்ணாதீங்க. முப்பது வருசம் தொழிலு செய்யிறவரு இதை மாட்டிட்டு உக்காந்து கேட்டாரா?"

"அரைமணி நேரம் கேட்டாரு. நல்லாருக்குன்னு சொன்னாரு."

ஞானதாசன் சிரித்தான். "அப்பம் அவருக்குக் காது கேக்காது."

அவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கிளாரா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடமாகக் கண்முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. அண்ணன் பேசும்போது எப்போதும் கத்துவது. எதிராளியின் உதட்டையே பார்ப்பது. போனை எடுத்து அன்னக்கிளியிடம் நீட்டுவது. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்பதையெல்லாம் அன்னக்கிளி அவன் முகத்துக்கு நேராக நின்று திருப்பிச் சொல்வது. திருவிழாவில் குமிழ்களைத் திருகுவது வேலையாட்கள். இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. ஒன்பது வருடம் காது பார்த்தவள், கூடப்பிறந்தவனின் காதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ததேயுஸ் முற்றத்தில் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான். கிளாரா அவனுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் போய் நின்றாள்.

"அண்ணே."

வயர் சுற்றுவது நிற்கவில்லை.

"ததேயு அண்ணே, ஒனக்க வீடு தீப்பிடிச்சி எரியுது."

அவன் சுற்றிக்கொண்டேயிருந்தான். ஆனால் அடுக்களை வாசலில் நின்ற அன்னக்கிளியின் கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவன் திரும்பவில்லை.

அன்னக்கிளி ஓடிவந்து கிளாராவின் கையைப் பிடித்துத் தெற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். வயதில் மூத்தவள், கிளாரா குவைத்தில் இருந்த காலமெல்லாம் மாதம் தவறாமல் கடிதம் எழுதியவள், கமிட்டி கூடிய பிறகும் முற்றத்துச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை நீட்டுவதை நிறுத்தாதவள்.

"ஆறு வருசமாச்சு கிளாரா. பெட்டி பக்கத்துலயே நின்னு நின்னு போச்சு. வெளிய தெரிஞ்சா ஒரு பய கூப்பிடமாட்டான். காது கேக்காதவனுக்கு எவன் மைக்செட் குடுப்பான்? ஆருட்டயும் சொல்லாத மக்கா. ஒனக்க காலைப் பிடிக்கேன்."

"அப்பம் எனக்க பாட்டு அவருக்க தூக்கத்தைக் கெடுக்குதுன்னு சொன்னது?"

அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"சொல்லமாட்டேன் மைனி," என்றாள் கிளாரா. "நான் ஆருட்டயும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போதே என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் மரியஜானின் வீட்டுக்குப் போனாள். "தலைவரே, நீங்க சொன்னபடி சத்தத்தைக் குறைச்சாச்சு. கமிட்டி வந்து ஒருதடவ கேட்டுப் பாத்துட்டா எனக்கும் நிம்மதி. புகாரு குடுத்தவரும் கூட வரணும். அவரு சரின்னு சொன்னாத்தான் முடியும்." நியாயமான பேச்சு. மரியஜான் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

மரியஜானோடு நாலு பேர் வந்தார்கள். ததேயுஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அன்னக்கிளி பின்னால் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளாரா எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள். நாற்காலிகளை அவளே போட்டு வைத்திருந்தாள். கமிட்டிக்காரர்கள் பெட்டிகளைப் பார்க்க; ததேயுஸ் பெட்டிகளுக்கு முதுகு காட்டி, அவர்களைப் பார்க்க. "புகாரு சொன்னவரு கமிட்டியப் பாத்துத்தான உக்காரணும்" என்றாள். திரையை இழுத்துவிட்டாள். மின்விசிறியை அணைத்தாள்.

பிறகு ஒன்றும் சொல்லாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ரிமோட்டை அமுக்கினாள்.

தாலாட்டு மாதிரி ஒரு பழைய மலையாளப் பாட்டு. புல்லாங்குழல் முதலில், அப்புறம் தபலா. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். ஆனால் தபலாவின் அடி ஒவ்வொன்றும் உருண்டு முழுசாக வந்தது. மரியஜானின் புருவம் உயர்ந்தது. ஒருவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். இன்னொருவர் சத்தமில்லாமல் எழுந்துபோய் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். மரியஜானின் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

ததேயுஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள். அவனும் காப்பியைக் குடித்து முடித்தான். பல்லவி முடிந்து சரணம் வந்தது.

"என்ன, எல்லாரும் சும்மா இருக்கிய?" என்றான் ததேயுஸ், தன் வழக்கமான பெருங்குரலில். "பாட்டப் போடச் சொல்லுங்க. நேரம் ஆவுதுல்லா?"

மரியஜானின் விரல்கள் நின்றன.

பாட்டு நிற்கவில்லை. ஒருவர் ததேயுஸையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் அன்னக்கிளி பதறி, காதைத் தொட்டு, உதட்டை அசைத்து, ஓடுது ஓடுது என்று சைகை காட்டினாள். ததேயுஸ் அதைப் பார்த்துவிட்டான். முகம் மாறியது.

"ஆங்... இன்னைக்கு குறைச்சி வச்சிருக்கா. நீங்க வருவியன்னு தெரிஞ்சி."

கிளாரா எழுந்தாள். கண்ணாடி அறையில், கேட்காத சத்தத்துக்கெல்லாம் பட்டனை அமுக்குகிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு என்ன செய்வது என்பதும் அவளுக்குத் தெரியும். ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்துப் பாட்டை நிறுத்தினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணனின் எதிரில் வந்து நின்று, அவன் உதட்டைப் படிக்கும்படி, நிதானமாகக் கேட்டாள்.

"இப்பம் ஓடுற பாட்டு கேக்குதா அண்ணே?"

"கேக்குது."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது. இந்தச் சத்தந்தான் என்னைத் தூங்க விடல்ல."

யாரோ ஒருவர் நாற்காலியில் அசைந்த கிறீச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மரியஜான் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ததேயுஸ் அன்னக்கிளியைத் தேடினான். அவள் வாசல் நிலையோரம் இல்லை. முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் போனான்.

"உக்காரு," என்றாள் கிளாரா. "பாட்டு கணக்கு தீந்துட்டு. கதவு கணக்கு பாக்கி இருக்கு. கதவைச் சாத்தினா உள்ள ஆரு இருக்கான்னு கமிட்டியில கேட்டியே. எனக்கு ரெண்டு அறையும் ஒரு அடுக்களையும். எழும்பிப் போயி பாத்துட்டு வந்து இவங்கட்ட சொல்லு."

"கிளாரா, போதும்," என்றார் மரியஜான்.

"அன்னைக்கு இவரு சொல்லும்போ நீங்க போதும்னு சொல்லல்ல தலைவரே."

மரியஜான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ததேயுஸ் எழுந்து போனான். அறையைப் பார்த்தான். அடுத்த அறையைப் பார்த்தான். அடுக்களைக்குள் போய்த் திரும்பி வந்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், அந்தச் சில நொடியில் கூன் விழுந்தவன்போல் இருந்தான்.

"ஆருமில்ல," என்றான். முதல்தடவையாக அவன் குரல் தாழ்ந்து வந்தது.

கிளாரா காதருகில் கையை வைத்தாள். "கேக்கல்ல அண்ணே. சத்தமாச் சொல்லு."

"ஆருமில்ல. நான் சொன்னது பொய்யி."

அவன் போனபிறகு கமிட்டிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். புகார் தள்ளுபடி என்று மரியஜான் சொன்னார். எந்தக் கட்டுப்பாடும் இல்லை, இஷ்டம்போல் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கிளாரா வாசல்வரை போய் வழியனுப்பினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தி, பாதியில் நின்ற பாட்டை முதலிலிருந்து போட்டாள். கைகால் எல்லாம் இனித்தது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பிற்காலத்தில் அதை அவள் மாற்றிச் சொன்னதில்லை.

செய்தி கரையோரம் முழுக்கப் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. "பாட்டைப் போடச் சொல்லுங்க" என்று பயல்கள் ததேயுஸைக் கண்டால் பின்னால் நின்று சொல்லிச் சிரித்தார்கள். அவனுக்குக் கேட்காது என்ற தைரியம். அந்த வருடத் திருவிழாவின் பத்து நாளுக்கும் கொட்டாரம் ஊரிலிருந்து வேறு மைக்செட் ஆளை வரவழைத்தார்கள். ஜெனோவின் கல்யாணம் நடந்தது. பெண்வீட்டுக்காரர்கள் அவனைத் தங்கள் பக்கமே வைத்துக்கொண்டார்கள். மாடி கட்டுகிற பேச்சு அதோடு நின்றது. ததேயுஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக விற்றான். நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டிக் காதுக்குக் கருவி வாங்கினார்கள் என்று கிளாரா கேள்விப்பட்டாள். யாரும் அவளிடம் வந்து எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்கவில்லை.

சுவருக்கு மேலே கிண்ணம் வருவது அன்றோடு நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து மீன் ஏலம் போடுகிற இடத்தில் கிளாராவும் அன்னக்கிளியும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அன்னக்கிளி விலகிப் போகப் பார்த்தாள். கிளாரா வழியை மறித்தாள்.

"மைனி, நான் ஆருட்டயும் சொல்லல்ல. வாக்குத் தவறல்ல."

"ஆமா, நீ சொல்லல்ல," என்றாள் அன்னக்கிளி. "அவரையே சொல்ல வச்சிட்ட."

"என்னைப் பத்தி அவரு சொன்னது?"

"அதுக்கு நீ அவரை அடிச்சிருக்கலாம். செருப்பால அடிச்சிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். நான் அழுது சொன்னதை எடுத்து அடிச்ச பாத்தியா, அதைத்தான் என்னால தாங்க முடியல்ல."

கிளாரா வழியிலிருந்து விலகினாள். அன்னக்கிளி கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஈர மணலில் நடந்து போனாள். முப்பது வருடப் பழக்கம் அப்படிப் போவதைக் கிளாரா பார்த்துக்கொண்டு நின்றாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தால், அதே இடத்தில் அதே நாற்காலிகளைப் போடுவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏலம் கூறுகிறவன் அயிலை மீனுக்கு விலை கேட்டான். அவள் கையைத் தூக்கினாள்.